அடுத்த ஜோடியை விற்பது கம்பிதான்

ஒருவர் உங்களிடம் முதல் கம்மலை வாங்குவது மணிக்காக. நிறம் கண்ணில் பட்டதும் கை நீள்கிறது. அவர் அடுத்த மாதமும் வருவாரா என்பதை முடிவு செய்பவை வேறு: கொக்கி காதில் அரித்ததா, கம்பி முனை துப்பட்டா நூலை இழுத்ததா, பேருந்து நெரிசலில் வளையம் விரிந்து மணி கழன்று விழுந்ததா. மூன்றும் கம்பியின் வேலை. கம்பியில் மணி கோத்துக் காதணி செய்து சம்பாதிக்கத் தொடங்குகிறவர்களில் பலர் மணிகளில் பணத்தைக் கொட்டிவிட்டுக் கம்பியில் சிக்கனம் பிடிக்கிறார்கள். நீங்கள் கம்பியிலிருந்து தொடங்குங்கள். தொழிலின் மற்ற கணக்குகள் அதன்பின் எளிதாகும்.

யாருக்கு ஏற்ற வேலை?

ஒரு மேசை, நல்ல வெளிச்சம், தொடர்ந்து கிடைக்கும் ஒரு மணி நேரம் போதும். அடுப்பும் மின்சார இயந்திரமும் தேவையில்லை. சத்தம் இல்லை, புகை இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியபின் கிடைக்கும் நேரத்திலும், கல்லூரி முடிந்து வந்த மாலையிலும் செய்யலாம்.

ஆனால் இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று, ஒரே வேலையை ஒரே அளவில் திரும்பத் திரும்பச் செய்யும் பொறுமை. காதணி எப்போதும் ஜோடியாகத்தான் விற்கும். அழகான ஒற்றைக் கம்மல் செய்வது திறமை. அதேபோல் இன்னொன்று செய்வதுதான் தொழில். இரண்டு, கணக்கு எழுதும் பழக்கம். சில்லறைப் பொருள்களால் ஆன தொழில் இது. எழுதாத சில்லறை லாபத்தைத் தின்றுவிடும். கண் பார்வையில் குறை இருந்தால் கண்ணாடியை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். 2 மி.மீ. மணியின் துளையைத் தேடிக் கண்ணை வருத்தினால் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடியாது.

கம்பி: தடிமனை மி.மீ.-இல் கேளுங்கள்

கம்பியைக் கேஜ் எண்ணால் விற்பார்கள். எண் கூடக்கூடக் கம்பி மெலியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க அளவு ஒன்று, பிரிட்டிஷ் அளவு இன்னொன்று. அமெரிக்க அளவில் 20 கேஜ் என்பது 0.81 மி.மீ.; பிரிட்டிஷ் அளவில் அதே 20 கேஜ் 0.91 மி.மீ. அமெரிக்க அளவில் பேசும் பயிற்சி வீடியோவில் சொன்ன எண்ணைப் பிரிட்டிஷ் அளவில் விற்கும் உள்ளூர்க் கடையில் சொன்னால் தடித்த கம்பி கைக்கு வரும், காதுத் துளை வலிக்கும். ஆகவே கேஜை விட்டுவிட்டு மி.மீ. கேளுங்கள். தொடக்கத்துக்கு மூன்று தடிமன் போதும்:

- 0.8 மி.மீ.: காதுக் கொக்கிக்கும் வட்ட வளையத்துக்கும்.
- 0.5 மி.மீ.: மணியைக் கோத்துத் தொங்கவிடுவதற்கு.
- 0.3 மி.மீ.: வளையத்தின்மேல் சிறு மணிகளைச் சுற்றிக் கட்டுவதற்கு.

பழகுவதற்குச் செம்புக் கம்பி வாங்குங்கள். விலை குறைவு, வளைந்து கொடுக்கும். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்தால் செம்பு விறைத்துக்கொண்டு முறிந்துவிடும். எத்தனை வளைவு தாங்கும் என்பதை விரல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கம்பி இல்லை. நிறப்பூச்சுக் கம்பி அழகாக இருக்கும். குறடு பட்டால் பூச்சு உரியும். அதைக் காதில் நுழையும் பகுதிக்குப் பயன்படுத்தவே கூடாது.

காதில் நுழையும் உலோகம்

உலோகங்களால் வரும் தோல் ஒவ்வாமைகளில் முதலிடம் நிக்கலுக்கு. காதுத் துளை வழியாகத்தான் பலருக்கும் அது தொடங்குகிறது. ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்கத் தொடரும். இதனால்தான் துளையில் நுழையும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.-க்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் வைத்திருக்கிறது.

நம் சந்தையில் மிகவும் பழகிய ‘ஜெர்மன் சில்வர்’ உலோகத்தில் வெள்ளி துளியும் இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. தொங்கும் அலங்காரத் தகடாக அது இருக்கலாம், கொக்கியாக வேண்டாம். என்னவென்று தெரியாத கலவையில் மெல்லிய முலாம் பூசிய கொக்கிகளும் அப்படித்தான். வியர்வையில் முலாம் தேய்ந்ததும் அடியில் இருப்பது தோலைத் தொடும்.

சரி, வெள்ளிக்குப் போனால் கட்டுப்படியாகுமா? கணக்குப் போடுங்கள். ஒரு ஜோடிக் கொக்கிக்கு 0.8 மி.மீ. கம்பி 10 செ.மீ. போதும். அந்த நீளத்தில் 92.5 சதவீத வெள்ளிக் கம்பியின் எடை ஏறத்தாழ அரை கிராம். அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையில் பாதியைக் கொக்கிச் செலவாகச் சேர்த்து, ‘வெள்ளிக் கொக்கி’ என்று அட்டையில் எழுதுங்கள். அரிப்புக்குப் பயந்து ஃபேன்சி கம்மலையே ஒதுக்கியவர்கள் உங்கள் வாடிக்கையாளர் ஆவார்கள். நகைப் பட்டறையில் கேட்டால் வேண்டிய தடிமனில் கம்பியாக இழுத்துத் தருவார்கள். டைட்டானியம், நயோபியம் கொக்கிகளும் பாதுகாப்பானவை. அறுவைசிகிச்சைத் தர எஃகிலும் நிக்கல் உண்டு; அதிலிருந்து வெளியேறும் அளவு மிகக் குறைவு என்பதால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வராது. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவரிடம் மட்டும் அதைத் தராதீர்கள்.

மணி: வாங்குமுன் மூன்று சோதனை

சிறு கண்ணாடி மணிகளை 6, 8, 11, 15 என்ற எண்களால் அடையாளம் சொல்வார்கள். இங்கும் எண் கூடினால் மணி சிறிது. 11 என்பது சுமார் 2 மி.மீ., 8 என்பது சுமார் 3 மி.மீ., 6 என்பது சுமார் 4 மி.மீ. ஜப்பானின் மியூக்கி, டோஹோ மணிகள் அளவு மாறாமல் இருக்கும், விலை அதிகம். நம் நாட்டுக் கண்ணாடி மணிகள் உத்தரப் பிரதேசத்தின் புர்தில்நகரிலிருந்தும் வாரணாசியிலிருந்தும் வருகின்றன. அகேட், சூதுபவளம் போன்ற கல்மணிகளுக்குக் குஜராத்தின் காம்பாத் புகழ்பெற்றது. சென்னையில் பாரிமுனைப் பகுதியின் தேவராஜ முதலி தெருவையும் அதைச் சுற்றிய தெருக்களையும் ஒரு முறை நடந்து பாருங்கள். விலையும் ரகமும் ஒரே நாளில் பிடிபடும்.

முதல் சோதனை, சாயம். சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் சில மணிகளை ஊறவைத்து வெள்ளைத் துணியில் தேயுங்கள். சாயம் ஒட்டினால் வாடிக்கையாளர் கழுத்திலும் ஒட்டும். வெளிறிய ஹவ்லைட் கல்லுக்கு நீலச் சாயம் ஏற்றி டர்க்காய்ஸ் என்று விற்பது உலகெங்கும் நடப்பது. நீங்கள் வாங்கியது எதுவோ அந்தப் பெயரிலேயே விற்றுவிடுங்கள்.

இரண்டாவது, துளை. கையோடு 0.5 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். முத்துகளின் துளை பெரும்பாலும் குறுகல். கம்பி நுழையாத சரம் எவ்வளவு மலிவானாலும் வீண்.

மூன்றாவது, எடை. சமையலறை டிஜிட்டல் தராசில் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்கப் போட வேண்டிய கம்மல், காதுக்கு 5 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. விசேஷத்துக்கு மட்டும் போடுவதில் கொஞ்சம் கூடலாம்.

மணி வேலை நம் மண்ணுக்குப் புதிதல்ல. நொய்யல் ஆற்றங்கரையின் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது கல்மணிகள் செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கண்ணாடி மணி உற்பத்தி நடந்தது. இன்றும் பேருந்து நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் நரிக்குறவர் பெண்கள் குறடும் கம்பியும் வைத்துப் பாசிமணியை நொடியில் வளைத்துக் கோப்பதைப் பார்க்கிறோம். அந்தக் கைவேகத்தை எந்தப் பயிற்சி வகுப்பும் எளிதில் தந்துவிடாது. அவர்களிடம் மணி வாங்குங்கள், வேலை கற்றுக்கொள்ளக் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள், ஆர்டர் பெருகினால் நியாயமான கூலிக்கு வேலையைப் பகிருங்கள்.

கருவிகள்: நான்கு போதும்

வட்டமூக்குக் குறடு, கூர்மூக்குக் குறடு, ஒருபக்கம் தட்டையாக நறுக்கும் கட்டர், சின்ன அரம். கொக்கியைத் தட்ட வீட்டில் இருக்கும் சிறு சுத்தியலும் ஓர் இரும்புத் துண்டும் உதவும். குறட்டின் உட்பக்கம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். எலக்ட்ரிக் வேலைக்கான பல்வெட்டுக் குறடு கம்பியில் தழும்பு போட்டுவிடும். வட்டமூக்குக் குறட்டின் முனை கூம்பாக இருப்பதால் நுனியில் வளைத்தால் சிறிய வளையமும் அடியில் வளைத்தால் பெரிய வளையமும் வரும். 3 மி.மீ. வளையம் வரும் இடத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவையுங்கள். எப்போதும் அந்தக் கோட்டில் வளைத்தால் எல்லா வளையங்களும் ஒரே அளவு. ஜோடி பொருந்தாத குறையில் பாதி இந்த ஒரு கோட்டால் தீரும்.

முதல் ஜோடி

எளிய ஒற்றைமணித் தொங்கட்டானில் தொடங்கலாம். ஒவ்வொரு படியையும் இரண்டு காதுக்கும் சேர்த்தே செய்யுங்கள். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கினால் அளவு மாறும்.

1. 0.8 மி.மீ. கம்பியில் 5 செ.மீ. துண்டுகள் இரண்டு வெட்டுங்கள். ஒரு முனையில் சிறு வளையம் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பிடித்து, 10 மி.மீ. விட்டமுள்ள மார்க்கர் பேனாவின்மேல் ஒரே நேரத்தில் வளையுங்கள். இரட்டைக் கொக்கிகள் ஒரே உருவத்தில் வரும்.
2. கொக்கியின் வளைவை இரும்புத் துண்டின்மேல் வைத்துச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். கம்பி விறைத்து, உருவம் கலையாமல் நிற்கும்.
3. காதில் நுழையும் முனையை அரத்தால் உருட்டித் தேயுங்கள். வெட்டிய முனை கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் கத்திபோல் இருக்கும். கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். கீறினால் இன்னும் தேய்க்க வேண்டும்.
4. 0.5 மி.மீ. கொண்டைக் கம்பியில், அதாவது கடையில் ஹெட்பின் என்று கேட்டு வாங்குவதில், மணியைக் கோத்துக்கொள்ளுங்கள். மணிக்குமேல் 4 செ.மீ. கம்பி மிச்சம் இருக்கட்டும். 2 மி.மீ. இடைவெளி விட்டு 90 பாகை மடக்குங்கள். அந்த இடைவெளிதான் பிறகு சுற்றுகள் உட்காரும் இடம்.
5. மடிப்பில் வட்டமூக்குக் குறட்டை வைத்து, போட்ட கோட்டில் வளையம் உருவாக்குங்கள். மூடுமுன் கொக்கியின் வளையத்தை அதில் மாட்டிவிடுங்கள். மறந்தால் முழுதையும் வெட்ட வேண்டிவரும்.
6. வளையத்தைக் கூர்மூக்குக் குறட்டால் பிடித்து, மீதிக் கம்பியை மணிவரை மூன்று சுற்றுச் சுற்றுங்கள். ஒட்ட வெட்டி, முனையைக் குறட்டால் அமுக்குங்கள்.

சும்மா வளைத்து மூடிய வளையம் இழுத்தால் திறந்துகொள்ளும். சுற்றி மூடியது திறக்காது. நேரம் ஒரு நிமிடம் கூடும், பொருள் தொலையாது. தனி வளையங்களைத் திறக்க வேண்டியிருந்தால் இரு முனைகளையும் பக்கவாட்டில் திருகித் திறங்கள். விரித்து இழுத்தால் வட்டம் போய்விடும். தொங்கும் அலங்காரம் முகம் காட்டாமல் பக்கவாட்டில் நின்றால் கொக்கியின் அடிவளையத்தைக் கால் சுற்றுத் திருப்புங்கள், நேராகும்.

விற்குமுன் சோதனை

ஒவ்வொரு ஜோடியையும் பஞ்சால் துடையுங்கள். எங்காவது இழை சிக்கினால் அங்கே கம்பி முனை நீட்டியிருக்கிறது. அதே இடத்தில்தான் பட்டுச் சேலையும் மாட்டும். பிறகு மணியைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். இரண்டையும் அருகருகே தொங்கவிட்டு நீளம் பாருங்கள். சமச்சீரற்ற வடிவமாக இருந்தால் இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். கடைசியாக, புதிய வடிவம் எதையும் நீங்களே ஒரு முழு நாள் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். சென்னை வெயிலிலும் வியர்வையிலும் நின்ற கம்மல்தான் விற்பனைக்குத் தகுதியானது.

விலை: நிமிடத்தை எழுதுங்கள்

பொருள் விலையை இரண்டால் பெருக்கி விலை வைப்பது பரவலான பழக்கம். அதில் உங்கள் கூலி காணாமல் போகிறது. இப்படிக் கணக்கிடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: மணி, கம்பி ₹30. அட்டை, உறை ₹10. செய்ய 25 நிமிடம். மணிக்கு ₹100 கூலி வைத்தால் ₹42. கருவித் தேய்மானம், உடைந்தவை, போக்குவரத்து ₹8. அடக்கவிலை ₹90. கடைக்காரருக்கு மொத்தமாகத் தரும் விலையை ₹120 என்று வைத்தால், நீங்கள் நேரடியாக விற்கும் விலை ₹200-க்கு மேல் இருக்க வேண்டும். கடைக்காரர் ₹200-க்கு விற்பதை நீங்கள் ₹130-க்கு விற்றால் அந்தக் கடை உங்களிடம் வாங்குவதை நிறுத்திவிடும்.

₹90-ஐக் குறைக்க மணியின் தரத்தில் கைவைக்காதீர்கள். நிமிடத்தில் கைவையுங்கள். திங்கள்கிழமை கொக்கிகள் மட்டும் 40, செவ்வாய்க்கிழமை மணி கோத்துச் சுற்றுவது மட்டும் என்று வேலையைப் பிரித்தால் 25 நிமிடம் 15 ஆக இறங்கும். கூலி ₹25, அடக்கம் ₹73. தரம் அப்படியே இருக்க, ஜோடிக்கு ₹17 மிச்சம். அந்தப் பணம் வெள்ளிக் கொக்கியின் செலவில் ஒரு பங்கைத் தாங்கும்.

எங்கே, எப்போது விற்பது?

தெரிந்த வட்டத்தில் தொடங்குவது இயல்பு. ஆனால் உறவினருக்கு இலவசமாகக் கொடுக்காதீர்கள். குறைந்த விலைக்குக் கொடுங்கள்; ஒரு மாதம் கழித்து, “அத்தை, கொக்கி அரிச்சுதா? எங்கயாவது மாட்டி இழுத்துதா?” என்று கேளுங்கள். அந்தப் பதில் காசைவிடப் பெரியது.

நவராத்திரிதான் இந்தத் தொழிலின் அறுவடைக் காலம். கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஏதேனும் ஒரு சிறு பரிசு கொடுப்பது வழக்கம். ஒரே வடிவத்தில் ஐம்பது ஜோடி, நிறம் மட்டும் மாற்றி, சிறு அட்டையோடு கொடுக்கத் தயாரானால் ஒரு வீட்டு ஆர்டரே ஒரு வாரத்துக்கு வேலை தரும். ஆடி மாதமே மாதிரிகளைக் காட்டிவிடுங்கள். புரட்டாசியில் போய் நின்றால் காலம் கடந்துவிட்டிருக்கும். தை, பங்குனி, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் சேலை நிறத்துக்கு ஏற்ற ஆர்டர்கள் வரும். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, கிளிப்பச்சை, எம்.எஸ். ப்ளூ என்று சேலைக்கடை மொழியிலேயே உங்கள் நிறங்களுக்குப் பெயர் வையுங்கள். வாடிக்கையாளர் போனில் சொல்வது உங்களுக்கு உடனே புரியும்.

இணையத்தில் விற்பதானால் மூன்று படங்கள் அவசியம்: காலை ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, காதில் போட்டபடி ஒன்று, அளவு தெரிய ₹10 நாணயத்தின் அருகே ஒன்று. அந்த நாணயத்தின் விட்டம் 27 மி.மீ.; எல்லார் கையிலும் இருப்பது. நீளம், எடை, கொக்கி உலோகம் மூன்றையும் படத்தின் கீழ் எழுதுங்கள். காதில் போட்ட கம்மலைத் திருப்பி எடுத்து அப்படியே மறுபடி விற்கக் கூடாது. புதுக் கொக்கி மாற்றியே விற்க வேண்டும்.

பொட்டீக் (boutique) கடைகளில் ‘விற்றபின் பணம்’ முறையில் வைக்கும்போது எத்தனை ஜோடி, என்ன விலை, எந்தத் தேதியில் கணக்குத் தீர்ப்பது என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். பழகியவர் கடையானாலும் எழுதுங்கள்.

பயிற்சி, பதிவு, கடன்

ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்துகின்றன. அங்கே ஃபேன்சி நகை செய்யும் பயிற்சியை இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் மாவட்ட நிலையத்தில் அடுத்த அணி எப்போது என்று கேளுங்கள். சுய உதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு மகளிர் திட்டத்தின் கண்காட்சிகளும், சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடக்கும் விற்பனைகளும் நல்ல வாசல்கள்.

2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளங்களைத் தவிர்த்து அரசுத் தளத்தில் நீங்களே பதியலாம். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ₹50,000 வரை பிணையின்றிக் கடன் கிடைக்கும். ஆனால் இந்தத் தொழிலைத் தொடங்கக் கடன் தேவைப்படாது. முதல் நூறு ஜோடி விற்று, மொத்த ஆர்டர் கையில் இருக்கும்போது மட்டும் கடனை யோசியுங்கள். தமிழ்நாட்டில் பொருள் விற்பனை ஆண்டுக்கு ₹40 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு வேண்டியதில்லை. இணையச் சந்தைகளுக்கும் வெளிமாநில விற்பனைக்கும் விதிகள் வேறு. தொடங்குமுன் கணக்காளர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதம்

முதல் மாதம் செம்புக் கம்பியில் பயிற்சி மட்டும். சுற்றி மூடிய வளையம் கண்ணை மூடினாலும் ஒரே அளவில் வரும்வரை விற்பனையை நினைக்க வேண்டாம். இரண்டாம் மாதம் மூன்றே வடிவங்கள், ஐந்தே நிறங்கள், தெரிந்தவர்களிடம் விற்பனை, குறைகளைக் கேட்டுத் திருத்தம். மூன்றாம் மாதம் வெள்ளிக் கொக்கி, விலை அட்டை, ஒரு கடை அல்லது ஒரு கண்காட்சி. இருபது வடிவங்களை ஒரே நேரத்தில் தொடங்கினால் மணி மூட்டைமூட்டையாக வீட்டில் தேங்கும். மூன்று வடிவங்களை நன்றாகச் செய்தால் கைவேகம் கூடும், பெயரும் வளரும்.

மூன்றாம் மாத முடிவில் கணக்கு நோட்டைத் திறந்து ஒரே ஒரு எண்ணைத் தேடுங்கள்: வாங்கியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? புதிதாக வந்தவர்கள் உங்கள் நிறத் தேர்வுக்குச் சாட்சி. திரும்பி வந்தவர்கள் உங்கள் கைவேலைக்குச் சாட்சி. அந்த எண் ஒவ்வொரு மாதமும் ஏறினால் இதை முழுநேரத் தொழிலாக்கத் துணியலாம். ஏறவில்லையென்றால் புதுமணி வாங்கப் பாரிமுனைக்கு ஓட வேண்டாம். வாங்கியவர்களை அழைத்து, காதில் போட்டபின் என்ன நடந்தது என்று கேளுங்கள். திருத்த வேண்டிய இடத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.